மீனில்லாத தொட்டிக்குக் காவல்

அவரை நாங்கள் சொட்டக்கா என்றுதான் கூப்பிட்டோம். தலையில் முடி இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள், பின்னல் இடுப்பைத் தாண்டும். வாரத்தில் மூன்று நாள் ஒரு நீலப் பெட்டியோடு வருவார். தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அதில் சோதனை மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார். உதடு மட்டும் அசைய எண்ணுவார். எண்ணும்போது யார் பேசினாலும் காதில் விழாது. அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

நான் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். டாக்டரம்மா புதிதாக ஒரு காத்திருப்புக் கூடம் கட்டினார். ஊசிக்குப் பயந்து அலறும் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க ஒரு கடல்மீன் தொட்டி வேண்டும் என்று மீன்கடை முதலாளியிடம் சொன்னார். கடையிலிருந்து வந்தவர்தான் சொட்டக்கா.

முதல் நாள் அவர் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. ஆள் படுக்கலாம் போல நீளமான தொட்டி. வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து அளந்து பார்த்தார். துளை துளையாக இருந்த கடல் கற்களைக் குழந்தையைத் தூங்க வைப்பதுபோல் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். மணலைப் பரப்பினார், மோட்டாரை ஓட விட்டார். கடைசியில் உரித்த இறால் ஒன்றை எடுத்துத் தண்ணீருக்குள் போட்டார்.

"ஐயே, அக்கா! நாறிப் போகாதா?"

"நாறணும்மா. அதுக்குத்தானே போடுறேன்."

பிறகு விளக்கினார். இறால் அழுகினால் அம்மோனியா வரும். அது மீனுக்கு விஷம். அந்த விஷத்தையே சாப்பாடாக்கிக்கொள்ளும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை மெதுவாகக் கல்லிலும் மணலிலும் குடியேறும். அவை அம்மோனியாவைத் தின்று நைட்ரைட் என்ற இன்னொரு விஷத்தை விடும். அதைத் தின்ன வேறொரு கூட்டம் வரவேண்டும். இரண்டு கூட்டமும் பெருகிய பிறகு மிஞ்சுவது அவ்வளவாகக் கெடுதல் செய்யாது, தண்ணீரை அவ்வப்போது மாற்றினால் போதும்.

"எத்தனை நாள் ஆகும்க்கா?"

"ஆறு வாரம்னு வெச்சுக்கோ. முன்னாடியே முடிஞ்சா சந்தோஷம். அதுவரைக்கும் ஒரு மீன்கூட உள்ள போகக் கூடாது."

சோதனைக் குழாயில் நிறம் ஏற ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷங்களில்தான் அக்காவின் கதை தவணை தவணையாக எனக்குக் கிடைத்தது.

பன்னிரண்டு வருஷம் மருந்துக் கடையில் நின்றவர். கடையை மூடியதும் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. வீடு காலி செய்துகொண்டு போன பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மீன்தொட்டியை விட்டுப் போனார். அக்கா அதில் உப்புத் தண்ணீர் நிரப்பி, அன்றைக்கே எட்டு மீன் வாங்கி விட்டார். "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சும்மா. அதை நம்பிட்டேன்." ஒரே வாரத்தில் எட்டும் போயின. ஏழு வயது மகள் இரண்டு நாள் அம்மாவிடம் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்து படித்தார், கேட்டார், சோதித்தார், எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்தார். வீட்டில் ஒரு சின்னத் தொட்டியை உருப்படியாக வளர்த்தும் காட்டினார். அதைப் பார்த்துத்தான் மீன்கடை முதலாளி வேலைக்குக் கூப்பிட்டார். ஊரில் ஒன்பது தொட்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன.

எங்கள் கூடத்தின் திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. தொட்டி வைத்து அன்றைக்குப் பதினாறு நாள்தான் ஆகியிருக்கும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, நான் மேசையில் இல்லாத நேரத்தில், முதலாளி நேரில் வந்தார்; நடந்ததை அக்கா பின்னால்தான் என்னிடம் சொன்னார். அக்கா குழாயைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மோனியா போகலை, இன்னும் பச்சையா இருக்கு சார். மஞ்சளாகணும்."

"பச்சை நல்ல கலர்தானம்மா?"

"சார், இதுல மீன் விட்டா செத்துப் போயிடும்."

"திறப்பு அன்னிக்கு வெறும் கல்லைக் காட்டச் சொல்றியா? டாக்டருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். நம்ம கடையில இருக்கே அந்த பாக்டீரியா பாட்டில், அதை ஊத்து. சரியாப் போயிடும்."

"ஊத்தினா கொஞ்சம் சீக்கிரமாகும். நாளன்னைக்கே ஆயிடாது சார்."

முதலாளி குரலை இறக்கினார். "உனக்கு இந்த வேலை வேணுமா, வேண்டாமா?"

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏணியிலிருந்து விழுந்து, முழங்காலில் ஆபரேஷன் ஆகி நாலு மாதமாக வீட்டில் இருந்தார். வீடு அக்காவின் வேலையால்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவின் அறைக் கதவு அங்கிருந்து பத்தடிகூட இல்லை. அக்கா அந்தக் கதவைப் பார்த்தாராம். பிறகு பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டாராம்.

ஞாயிறு காலை முதலாளியே ஆறு மீன்களைக் கொண்டுவந்து விட்டார். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு, நீலம் மூன்று, மஞ்சள் ஒன்று. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மாவின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "மூணு வேளையும் தீனி போடும்மா, சுறுசுறுப்பா இருக்கும்" என்று முதலாளி என்னிடம் டப்பாவைக் கொடுத்தார். நானும் போட்டேன், கை தாராளம் எனக்கு. சொட்டக்கா சுவரோரமாக நின்றார். கண் கலங்கியிருந்தது. தண்ணீர் முன்னாடியே தயாராகிவிட்டது போல, அந்தப் பெருமையில் என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது போல என்று இன்னும் கொஞ்சம் தீனி போட்டேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. இறாலைப் போலவே தின்னாத தீனியும் அழுகி விஷமாகும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய் காலை கதவைத் திறந்தபோது மூன்று மீன் மணலில் கிடந்தன. மஞ்சள் மீன் பக்கவாட்டில் சாய்ந்து தண்ணீர் ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்தது. கையில் கட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அதற்கு நேராக நின்று, "ஆன்ட்டி, அது ஏன் படுத்துக்கிட்டே நீந்துது?" என்று கேட்டாள். படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்துத் தொட்டியை மூடினேன். உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

இருபது நிமிஷத்தில் மூச்சிரைக்க வந்தார். கையில் மூடி போட்ட வாளி, உள்ளே அவர் வீட்டுத் தொட்டியின் தண்ணீர். அதற்குள் மஞ்சள் மீனும் அடங்கிவிட்டது. மீதி இருந்த இரண்டு கோமாளி மீன்களையும் வலையில் எடுத்து வாளிக்கு மாற்றினார்.

டாக்டரம்மா வெளியே வந்தார். முதலாளியைப் போனில் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். "அந்தம்மா அளவு தப்பாப் பார்த்திருக்கும் டாக்டர். நான் என்ன பண்றது?" என்றது குரல்.

டாக்டரம்மா அக்காவைப் பார்த்தார். "தப்பாப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க டாக்டர். சரியாத்தான் பார்த்தேன். தண்ணி தயாராகலைன்னு எனக்குத் தெரியும். சார்கிட்ட சொன்னேன். உங்ககிட்ட சொல்லலை."

"ஏன்?"

"வேலை போயிடும்னு பயம்."

டாக்டரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அக்கா பிறகு சொன்னார். "ஒரு குழந்தையோட ரத்தப் பரிசோதனையில கோளாறு இருக்குன்னு தெரிஞ்சும் நான் சொல்லாம வீட்டுக்கு அனுப்பினா, என்னை என்னன்னு சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பஸ்ஸில் அந்த வாளியை மடியில் வைத்துக்கொண்டே போனாராம். ஒரு கோமாளி மீன் மத்தியானமே செத்தது.

மறுநாள் முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். அதோடு விடவில்லை. கிளினிக் மீனை வீட்டுக்குத் திருடிக்கொண்டு போய்விட்டார் என்று டாக்டரம்மாவிடமும் சொன்னார். டாக்டரம்மாவுக்குக் கோபம் தலைக்கேறியது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் என்னையும் அழைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனார்.

மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள். கணவர் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சமையலறை மேடையில் பாதியைச் சின்னத் தொட்டி பிடித்துக்கொண்டிருந்தது. கல்லுக்குப் பின்னால் எங்கள் கோமாளி மீன், துடுப்பு ஓரம் கிழிந்து, ஆனால் உயிரோடு.

"திருட்டு மீனைப் பார்க்க வந்தீங்களா டாக்டர்?" என்றார் கணவர். "நல்லாப் பாருங்க. மூணு நாளா இந்த வீட்டுல எனக்கு மாத்திரை குடுக்க ஆளில்லை. எல்லாக் கவனிப்பும் அந்த ஐயாவுக்குத்தான்."

"ஏங்க, சும்மா இருங்க" என்றார் அக்கா.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மேடையில் கிடந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். தேதி, உப்பு, சூடு, நிறம் என்று நாள் தவறாமல் எழுதியிருந்தது. அந்த முந்தைய வெள்ளிக்கிழமைக்கு நேராக, "பச்சை. மீன் விடக் கூடாது. சாரிடம் சொன்னேன்" என்று இருந்தது. ஞாயிறுக்கு நேராக, "விட்டாச்சு. நான் பேசவில்லை." டாக்டரம்மா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்ததை நான் பார்த்தேன்.

மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. "அந்தத் தொட்டியை இப்ப என்ன பண்றது? தூக்கிப் போட்டுடவா?" என்றார்.

"வேண்டாங்க. கல்லுல உயிர் இருக்கு. கொஞ்சம் தண்ணி மாத்திட்டுப் பொறுத்திருந்தா வந்துடும்."

"நீங்க வந்து பார்ப்பீங்களா?"

அக்கா கணவரைப் பார்த்தார், பிறகு தொட்டியைப் பார்த்தார். "வரேங்க. ஆனா மீன் எப்போன்னு என்னை யாரும் கேக்கக் கூடாது."

அதற்குப் பிறகு நாலு வாரம் மீனில்லாத தொட்டிக்கு நாங்கள் காவல் இருந்தோம். நைட்ரைட் ஏறி, குழாய் கத்திரிப்பூ நிறத்துக்குப் போனது. மணல் முழுக்கப் பழுப்பாக ஏதோ படிந்தது. "வரட்டும், புதுத் தொட்டியில இது வந்துட்டுத்தான் போகும்" என்றார் அக்கா. பார்க்கிறவர்களுக்கு அது புரியுமா? "டாக்டரோட தொட்டியே இந்த லட்சணத்துல இருக்கே" என்று ஒரு அப்பா சொன்னது அறைக்குள் கேட்டுவிட்டது. டாக்டரம்மா முகம் சிவந்தார். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அக்காதான் நிம்மதியாக இல்லை. ஒருநாள் நிறம் ஏறக் காத்திருக்கையில், நான் தீனி போட்ட கதையைச் சொல்லி அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. "நீ தெரியாமப் போட்ட. நான் தெரிஞ்சுக்கிட்டே நின்னேன்" என்றார்.

ஒரு வியாழக்கிழமை அம்மோனியாக் குழாய் மஞ்சளாக நின்றது, நைட்ரைட் குழாய் வான நீலமாக. அக்கா நம்பவில்லை. வேண்டுமென்றே கொஞ்சம் அம்மோனியாவைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலை வந்து பார்த்தார். மறுபடியும் மஞ்சள், மறுபடியும் நீலம். ஒரே நாளில் கல்லிலிருந்த நுண்ணுயிர்கள் அத்தனையையும் தின்று முடித்திருந்தன. பாதித் தண்ணீரை மாற்றினார். சனிக்கிழமை வீட்டிலிருந்து அந்த ஒற்றைக் கோமாளி மீனைத் தண்ணீர்ப் பையில் கொண்டுவந்து, அந்தப் பையை ஒரு மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, புதுத் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி உள்ளே விட்டார். அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒரே ஒரு மீன்.

"இன்னும் ரெண்டு விடலாமா?" என்று டாக்டரம்மா ஆரம்பித்தார்.

"ரெண்டு வாரம் கழிச்சு ஒண்ணு" என்றார் அக்கா. டாக்டரம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கிளினிக் தொட்டி நன்றாக இருக்கிறது. அக்காவின் கணவர் நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பிவிட்டார், ஏணி மட்டும் ஏறுவதில்லை. ஆனால் மற்ற எட்டுத் தொட்டிகளும் கடையின் கையில்தானே இருக்கின்றன. புதிதாக வந்த ஆள் குழாய்த் தண்ணீரை வடிகட்டாமல் அப்படியே ஊற்றுகிறார் என்று அக்கா கேள்விப்பட்டார். ஒரு லாட்ஜின் வாசலில் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது தொட்டி வெள்ளையாகக் கலங்கியிருந்தது. இந்தத் தடவை அவர் நேராக உள்ளே போய் மேனேஜரிடம் சொன்னார்.

"நீங்க யாரும்மா? கடைக்காரங்க வந்து பார்த்துக்கிறாங்க" என்று அவர் வாசலைக் காட்டினாராம்.

அடுத்த வாரம் அந்த இடத்தில் தொட்டி இல்லை. அங்கே ஒரு பிளாஸ்டிக் செடி நின்றிருந்தது. அக்கா விடவில்லை. மீதி ஏழு இடங்களுக்கும் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கினார். இரண்டு இடங்களில் உட்கார வைத்துக் கேட்டார்கள், அந்த இரண்டு தொட்டிகளை இப்போது அவரே பார்த்துக்கொள்கிறார். மற்ற ஐந்து இடங்களில் கேட்கவில்லை. ஒரு பல் டாக்டரின் உதவியாளர், தொழில் போட்டியில் பொறாமை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"அந்த அஞ்சுலயும் எத்தனை மீன்க்கா?" என்று கேட்டேன்.

"முப்பத்தொண்ணு. நான் பார்த்தப்ப" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டியைப் பார்க்கக் கிளம்பினார்.