பட்டை போட்ட லேப்டாப்

எங்கள் அக்கா வேணி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. பார்த்துவிட வேண்டும் என்று எவ்வளவோ முயன்றிருக்கிறேன். அவள் நூல் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பல்லியை வைத்தேன். அதை எடுத்துக் கழுவி ஜன்னலில் வைத்து, "கொசுவாவது பிடிக்கட்டும்" என்றாள். பத்தாம் வகுப்பில் நான் கணக்கில் ஃபெயிலானபோதுகூட, "சரி, பாவாடை அளவாவது எடுக்கத் தெரியுதுல்லா" என்றுதான் சொன்னாள்.

தச்சநல்லூரில் கல்யாணம் என்றால் ரவிக்கைக் கையில் மயில் வேண்டும். அந்த மயில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் பிறக்கும். லேப்டாப்பில் அக்கா வரைந்து கொடுப்பாள், எம்பிராய்டரி மெஷின் தைத்துக் கொடுக்கும். வரைகிற சாஃப்ட்வேர் சும்மா ஓடாது. கட்டைவிரல் தண்டி ஒரு சாவி உண்டு, பென் டிரைவ் மாதிரி. அதைச் சொருகினால்தான் திறக்கும். அக்கா அதைத் தாலிக்கயிற்றில் கோக்காததுதான் பாக்கி.

லேப்டாப் கிழடாகிவிட்டது. சூடு தாங்காமல் மயில் பாதி கழுத்தில் இருக்கும்போதே அணைந்துவிடும். காற்றுப் போகட்டும் என்று இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்திருந்தாள். "அக்கா, வெந்துருச்சா பாரு" என்பேன். ஐப்பசி முகூர்த்தம் வருவதற்குள் வேறு வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் மயில் போட வாங்கி வைத்த ரவிக்கையெல்லாம் வேறு கடைக்குப் போய்விடும், பிறகு திரும்பி வராது.

அத்தானுக்குத் திருப்பூரில் வேலை. அவருடைய தம்பி குருபிரசாத், ஜங்ஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்திருந்தார். தனியாக ரூம் எடுத்திருந்தவருக்குத் தினமும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்துதான். காலையில் வந்து கேரியரை எடுத்துப் போவார். தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தால், தொட்டுக்கொள்ளும் இஞ்சிப் பச்சடி முதலில் அவர் கேரியருக்குப் போகும். மிச்சம் இருந்தால் எனக்கு.

"மைனி," என்று அக்காவிடம் ஆரம்பித்தார், "இப்ப சிப்பே மாறுது. இனிமே எல்லாம் புது சிப்புதான். சூடே ஆகாது, காலையில சார்ஜ் போட்டா சாயங்காலம் வரை நிக்கும். பழைய சிப்பு வாங்கினா அடுத்த வருஷம் குப்பைக்குத்தான் போகும்."

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்தச் சாவி அதுல ஓடுமா?"

"ஓடாம? பறக்கும் மைனி."

"அப்ப நான் சாவியோட கடைக்கு வாரேன். சொருகிப் பாத்துட்டு வாங்குதேன்."

குரு அத்தான் கொஞ்சம் யோசித்தார். "ஆயுத பூஜை வருதுல்லா மைனி? புது மெஷின, கடையில கண்டவன் தொட்டு ஆன் பண்ணவா? பெட்டியோட கொண்டாறேன். சாமி முன்னால வச்சிட்டு, மறுநாள் நீங்களே திறங்க."

அக்காவுக்கு இது பெரிய பேச்சு. எலுமிச்சம்பழம் நசுக்காமல் சைக்கிளைக்கூடத் தெருவில் இறக்காத வீடு எங்களுடையது. சரி என்றாள்.

பூஜையன்று அவரே வந்து பெட்டியைப் பிரித்தார். மூடியில் திருநீற்றைக் குழைத்துப் பட்டை போட்டு, நடுவில் சந்தனத்தை அழுத்தி வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். "லேப்டாப்பு இனி தேவாரம் பாடும்" என்றேன். அக்கா சிரித்தாள். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது. தொடவில்லை.

மறுநாள் சாவியைச் சொருகினாள். சாவியில் விளக்கு எரியவில்லை. கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி சொருகினாள். சாவி இல்லை என்றே சாஃப்ட்வேர் சொன்னது. சாஃப்ட்வேர்காரர்களுக்குப் போன் போட்டால், "புது சிப்புக்கு இன்னும் நாங்க தயார் பண்ணல மேடம். எப்பன்னு சொல்ல முடியாது" என்றார்கள்.

"எனக்கே தெரியாது மைனி" என்றார் குரு அத்தான். "சிப்பு மாறுத காலம், இப்படித்தான் இருக்கும். பொட்டு வச்சதக் கடையில திருப்பி எடுக்க மாட்டாங்க. பாத்தா புதுசு மாதிரி இருக்கணும்லா?"

அவர் போனதும் அக்கா சொன்னாள், "பாவம், அவனுக்கும் தெரியல." அடுத்த நாள் கேரியரில் சொதி ஒரு கரண்டி கூடுதலாகப் போனது. ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. பழைய லேப்டாப்பை இட்லித் தட்டில் ஏற்றி, பக்கத்தில் ஃபேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைச் சிரிக்கவைக்க எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். குரல் மாற்றிப் பேசுவேன். கடை நம்பருக்குப் போட்டு வயசான பொம்பளைக் குரலை எடுத்தேன், அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"அண்ணாச்சி, நான் வள்ளியூர்லேர்ந்து டெய்லர் பேசுதேன். எனக்கு ஒரு லேப்டாப்பு வேணும். எம்பிராய்டரி போடணும், சாவி வச்சு ஓடுத சாஃப்ட்வேரு."

"சொல்லுங்கம்மா." குரு அத்தான்தான். அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"புது சிப்பு, புது சிப்புன்னு சொல்லுதாவ. அத எடுக்கவா?"

"ஐயோ, சாவி வச்ச சாஃப்ட்வேரா? அதுல ஓடாதும்மா. நானே சொருகிப் பாத்திருக்கேன். எங்ககிட்ட அது நிறையக் கிடக்கு, மொதலாளி அதத்தான் தள்ளச் சொல்லுதாரு. நீங்க வயசுல பெரியவங்க, மோசம் போயிராதீங்க. பழைய சிப்பே எடுங்க."

நான் போனை அணைத்தேன். அக்காவின் உதடு இன்னும் பல்லுக்கு நடுவில்தான் இருந்தது. சிரிப்பைக் காணவில்லை.

"அவன் குரல்தான?"

"இல்லக்கா. வேற எவனோ. இவரு குரலு இவ்வளவு கட்டையாவா இருக்கும்?"

என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "உனக்குப் பொய் சொல்ல வராது ஏட்டி. விளையாட்டுக்குத்தான் வரும்." அப்புறம் மெதுவாக, "முகம் தெரியாதவளுக்குச் சொல்லுதான்" என்றாள். அவளாகக் கத்தியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கத்தியிருப்பேன். வாய்ப்பே தரவில்லை.

மறுநாள் காலையில் குரு அத்தான் வழக்கம்போல வாசலில் வந்து, "மைனி, கேரியர்" என்றார். அடுப்பில் பால்கூட வைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கா உள்ளே போய்க் கேரியரைக் கொண்டுவந்து கொடுத்தாள். பளபளவென்று தேய்த்திருந்தது. வாங்கின கை சட்டென்று மேலே போனது, அவ்வளவு லேசு. அடி அடுக்கில் மட்டும் ஏதோ உருண்டது.

"மைனி... சோறு?"

"வெறும் பாத்திரமா குடுக்கக் கூடாதுல்லா. உடன்குடி கருப்பட்டி ஒரு துண்டு போட்டிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். வள்ளியூர் டெய்லர் குரலில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அக்கா முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் போய், இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, மயிலைக் கழுத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

தெரு முனை திரும்பும்வரை அந்தக் கருப்பட்டி கேரியருக்குள் கடகடவென்று உருண்டுகொண்டே போனது.