கவிழ்த்து வைத்த குடங்கள்

எங்கள் சந்துக்கு மாநகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு. பலகையோடு சரி. ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னால் முழிப்பார். "யூதர் சந்து" என்றால் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து விடுவார். யூதர் ஒருவர்கூட இங்கே இல்லை. முத்து வாங்க வந்து தங்கியவர்களாம். முத்துக்குளிப்பு படுத்ததும் வீடுகளை எங்கள் ஆட்களிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். எங்கே போனார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். நான் கல்யாணமாகி வந்தபோது இருந்ததெல்லாம் கத்தோலிக்கக் குடும்பங்கள்தான். ஆண்கள் கப்பலுக்கும் தோணிக்கும் போகிறவர்கள்.

ஆனால் வீடுகள் இன்னும் அவர்களுடையவை. ஒவ்வொரு வாசலிலும் வலது நிலைக்காலில், தோள் உயரத்தில், ஒரு விரல் நீளத்துக்குச் சாய்வாகக் குழி இருக்கும். எதற்கென்று எங்களுக்குத் தெரியாது. இடத்தை வீணாக்குவானேன் என்று குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவரும் ஓலையை மடித்து அதில் செருகுவோம். வெளியே போகும்போது தொட்டுவிட்டுப் போவோம்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சந்தில் யாராவது இறந்தால் முதலில் அழுகைச் சத்தம் கேட்காது. தண்ணீரைத்தான் கொட்டுவார்கள். டிரம், அண்டா, குடம், குடிக்க வைத்திருக்கும் செம்புவரை வாசலில் ஊற்றிவிட்டுப் பாத்திரங்களைப் படியோரம் கவிழ்ப்பார்கள். பக்கத்து வாசல் நனைந்திருந்தால் அடுத்த வீடும் ஊற்ற வேண்டும். யார் போனது என்று கேட்கக் கூடாது. கடைசி வீடும் ஊற்றிய பிறகே வாய் திறக்கலாம். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகே குடத்தை நிமிர்த்தலாம். குழாயில் காற்று மட்டும் வருகிற இந்த ஊரில் இப்படி ஒரு பழக்கம்! "கிறுக்குப் புடிச்ச தெருவாளா இது?" என்று என் அம்மாவே கேட்டாள்.

நானும் மாமியாரிடம் கேட்டேன். அவர் மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "சாவுச் சம்மனசு வேலைய முடிச்சதும் கத்தியத் தண்ணியிலதாம்ளா கழுவும். எந்த வீட்டுக் கொடத்துல கழுவுச்சோ, யாரு கண்டா? அதக் குடிப்பியா நீ?" என்றார். சாவைக் கொண்டுவரும் தேவதூதரைத்தான் சம்மனசு என்பார்கள். கையில் இருந்த கத்தியை அலசிவிட்டு அடுத்த மீனை எடுத்தார்.

ஒருமுறை கொச்சியிலிருந்து வயதான பெண்மணி ஒருவர் சந்தைத் தேடிக்கொண்டு வந்தார். யூதப் பெண். எங்கள் நிலைக்கால் குழியைத் தொட்டு விரல்களை முத்தமிட்டார். அவர்கள் ஆட்கள் வேத வசனம் எழுதிய சுருளை அதில் வைப்பார்களாம். மாமியாருக்கு ஒரே பெருமை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். பேச்சுவாக்கில், சாவு விழுந்தால் நாங்கள் தண்ணீர் கொட்டுவதையும் சொன்னார். வாயருகே போன டம்ளர் அப்படியே நின்றது. "கத்தி கழுகிய வெள்ளம்" என்று மலையாளத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் அந்த அம்மா. கத்தியைப் பற்றி நாங்கள் மூச்சுவிட்டிருக்கவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குடிக்காமலே போனார்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. என் கணவர் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிய தோணியில் போயிருந்தார். கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து தோணியைப் பற்றித் தகவலே இல்லை. போனைப் போட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். துறைமுகத்தில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்காமலே டீ வாங்கித் தந்தார்கள். எனக்கு அந்த மரியாதைதான் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு வருகிறேன். மழை இல்லை. சந்துக்குள் திரும்பியதும் ஈரமண் வாடை அடித்தது. தரை முழுக்க நனைந்து கிடந்தது. படிகளில் குடங்கள் கவிழ்ந்திருந்தன. வாசலுக்கு வாசல் பெண்கள் நின்றுகொண்டு என்னையே பார்த்தார்கள். ஒரு பேச்சில்லை. எங்கள் வாசல் மட்டும் காய்ந்து கிடந்தது.

என் கால் நடந்தது, நான் நடக்கவில்லை. உள்ளே மாமியார் டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "ஊத்த மாட்டேம்ளா. எம் மவனுக்கு நான் ஊத்த மாட்டேன். ஒரு பய உள்ள வரக்கூடாது" என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. வழக்கமாவது மண்ணாவது! தெருவில் இறங்கிக் கத்தினேன். "யாருக்கு ஊத்துனீய? வாயத் தொறந்து சொல்லுங்க!" பக்கத்து வீட்டு மைனி சிலுவை போட்டுக்கொண்டாள். "எனக்குத் தெரியாதுளா. அடுத்த வாசல் நனைஞ்சிருந்துச்சு, ஊத்துனேன்" என்றாள். அடுத்த வீட்டிலும் அதே பதில். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே போனேன். சந்து முனையில், சாத்தான்குளத்திலிருந்து புதிதாகக் குடிவந்திருந்த பெண் மிரண்டுபோய் நின்றாள். "யக்கா, டிரம்முல பல்லி விழுந்து செத்துக் கெடந்துச்சுக்கா. அதான் கொட்டிட்டுக் கழுவிக் கவுத்தேன். தப்பாக்கா?" என்றாள்.

சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. தெருவில் உட்கார்ந்தே சிரித்தேன். ஒரு பல்லிக்கு ஊரே துக்கம்! எல்லாரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊத்துனது ஊத்துனதுதானளா. ஆளில்லாம இந்தச் சந்துல ஒருநாளும் ஊத்துனதில்ல" என்று மட்டும் மைனி சொன்னாள்.

குடங்களை யாரும் நிமிர்த்தவில்லை. அடக்கம் நடக்காமல் எப்படி நிமிர்த்துவது? கேன் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள், புது பக்கெட்டில் பிடித்துக் குளித்தார்கள். பழைய குடங்கள் படியோரம் கவிழ்ந்தே கிடந்தன. ஊற்றிய தண்ணீர் காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது. ஒருநாள் மைனி வாசலுக்கு வந்து கெஞ்சினாள். "நீங்களும் ஊத்திருங்க மாமி. இது முடியட்டும். சந்திலயே ஒங்க வீட்டுலதான் தண்ணி நிக்கி. சம்மனசு கத்தியத் தூக்கிக்கிட்டு வேற எங்க போவும்?" மாமியார் கையில் கிடைத்த விளக்குமாற்றை எடுத்தார், அவள் ஓடிவிட்டாள்.

அதற்குப் பிறகு மாமியார் டிரம்மை விட்டு நகரவில்லை. சாப்பாடு அங்கே, படுக்கை அங்கே. நாங்கள் அந்தத் தண்ணீரைத் தொடவும் இல்லை. நான் வேலைக்குப் போகும்போது பார்ப்பேன், மூடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது குறையவில்லை என்றால் அவர் பிள்ளை இருக்கிறான். அவ்வளவுதான் கணக்கு. எனக்கும் அதில் நம்பிக்கை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல உச்சி வெயில். நான் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சந்து முனையில் ஓர் ஆள் திரும்பினார். தாடியும் அழுக்குச் சட்டையுமாக அவர்தான். தோணி இன்ஜின் கெட்டு அலைந்ததையும், மீன்பிடிப் படகுக்காரர்கள் கொல்லத்தில் கொண்டுவந்து விட்டதையும், போன் கடலில் போனதால் ஒருத்தர் நம்பரும் ஞாபகமில்லாமல் பஸ் ஏறியதையும் பிறகுதான் சொன்னார். சேசுவே, உரித்த வெங்காயத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன்.

அவர் பாதி வழியில் நின்றுவிட்டார். கவிழ்ந்த குடங்களைப் பார்த்தார். சிலுவை போட்டுத் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இந்தச் சந்தில் பிறந்தவர் இல்லையா, ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. வாசல்களில் நின்ற பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையைக் கண்டதும் மாமியார் டிரம்மை விட்டுவிட்டு ஓடிவந்தார். மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அப்போதுதான், ஓவென்று அழுதார். அது துக்க அழுகை என்று என் கணவர் நினைத்துவிட்டார். தாயைத் தட்டிக்கொடுத்து மெதுவாக விலக்கிவிட்டு உள்ளே போனார். நம் வீட்டில் மட்டும் ஊற்றாமல் வைத்திருக்கிறார்களே என்ற வெட்கம் அவர் முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து ஓடுவதற்குள் டிரம்மை வாசலுக்கு உருட்டிவந்து சாய்த்துவிட்டார். கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். படியோரம் கவிழ்த்து வைத்தார்.

பக்கத்து வீட்டு மைனி, அடக்கம் முடிந்து வந்தவளைப் போல, குனிந்து தன் குடத்தை நிமிர்த்தினாள். அடுத்த வீட்டிலும் நிமிர்த்தினார்கள். சந்து முனைவரை ஒவ்வொன்றாகக் கேட்டது அந்தச் சத்தம்.

"யாருக்குளா?" என்று அவர் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பல்லிக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சந்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை.