வைதேகியை அனுப்புங்கள், துர்கா வேண்டாம்

முப்பது வருஷம் மனநல வார்டில் சிஸ்டராக இருந்துவிட்டு, போன மாதம்தான் ரிட்டயர் ஆனேன். என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றிய கேஸ் ஒன்று உண்டு.

ஸ்ரீரங்கத்து வைஷ்ணவக் குடும்பம் ஒன்றிலிருந்து எங்கள் தென்னூர் ஆஸ்பத்திரிக்கு மாமியார் கொண்டுவந்து சேர்த்த மருமகள், வைதேகி. காலையில் "சிஸ்டர், சாப்பிட்டீங்களா?" என்பாள். மத்தியானம் அதே வாய், "எவடி மாத்திரை குடுக்கறது? நான் துர்கா!" என்று கத்தும், தட்டு பறக்கும். காலையில் பேசியது துர்காவுக்கு நினைவிருக்காது. தட்டு பறந்தது வைதேகிக்குத் தெரியாது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர். பேயுமில்ல, நடிப்புமில்ல. சின்ன வயசுல தாங்க முடியாத ஒண்ணு நடந்திருக்கும். மனசு அதைத் தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருக்கு. ஆனா ஆள் ஒருத்திதான் சிஸ்டர். யாரையும் விரட்டப் பார்க்காதீங்க."

தலையாட்டினேன். வெளியே வந்ததும் மறந்தேன். ரிப்போர்ட் புக்கில் வைதேகிக்கு 'ஒத்துழைக்கிறார்', துர்காவுக்கு 'தொந்தரவு' என்று எழுதினேன். துர்கா வந்தால் தூங்க ஓர் ஊசி. அடக்கமே பெண்ணுக்கு அழகு என்று டியூட்டி ரூமில் போர்டு மாட்டாததுதான் குறை.

மாமியாருக்கோ வேறு கவலை. "வியாதியக்கூடப் பொறுத்துக்கலாம் சிஸ்டர். பெருமாள் ஆத்துல துர்கையா? கோதைன்னு வெச்சுக்கப்படாதோ? வைதேகிய மட்டும் அனுப்பிடுங்கோ, அந்த இன்னொருத்தி இங்கயே இருக்கட்டும்."

மூன்றாவது வாரம் வைதேகியின் தாய்மாமா ஆப்பிள் பையோடு வந்தார். "ஜீயபுரத்துல நம்மாத்துல ஒரு மாசம் இருக்கட்டும். காத்தோட்டமான இடம்."

"சரி மாமா" என்றாள் வைதேகி. என்ன நல்ல பெண் என்று மெச்சி, நானே அவள் துணிகளை மடித்துப் பையில் வைத்தேன்.

சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். துர்கா. நான் ஊசிக்குக் குரல் கொடுக்க வாயெடுத்தேன்.

"ஊசி போட்டுடாதீங்க சிஸ்டர். எட்டு வயசுல அந்தாத்து மாடியில அவளால கத்த முடியல. நான் கத்துவேன்."

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். "பைத்தியம் முத்திடுத்து" என்று சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் டிஸ்சார்ஜை நிறுத்தி, மாமாவை வாசலோடு அனுப்பினார்.

வார்டுக்கு வரும் இளம் சிஸ்டர்களே, கத்துகிறவளிடம் எதற்குக் கத்துகிறாய் என்று முதலில் கேளுங்கள். கேட்க ஐந்து நிமிஷம் போதும். நான் மூன்று வாரமும் அவள் வாயை ஊசியால் அடைத்தேன்.