பீடோர் ஸ்டேஷனில் ஒரு தந்தி

பீடோர் ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. முன்னே ரயில் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிட்டதால் இன்று இனிப் போகாதாம். என் மனைவியை அழைத்துவரத்தான் ஈப்போ போகிறேன். முதல் முறையாகக் கப்பலேறி வந்தவள், பினாங்கிலிருந்து வரும் வண்டியில் இந்நேரம் அங்கே இறங்கியிருப்பாள். அவளுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

ஸ்டேஷன் குமாஸ்தாவான கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் பேசக் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் தோட்டத்து அக்கா விடுவதாயில்லை.

"வாய்ல என்ன கொழுக்கட்டையா அண்ணே? போய்க் கேளுங்க."

போய்ச் சொல்கிறேன். அவர் ஈப்போவுக்குத் தந்தி அடிக்கிறார். கொஞ்ச நேரத்தில் பதில் வருகிறது.

"ஒரு பொம்பிளை தனிய நிக்கிறாவாம். புருசன்ர பேரைக் கேட்டால் வாயே திறக்கிறா இல்லையாம்."

"புருசன் பேர எப்படிங்கய்யா சொல்லுவா? முத்தையா சம்சாரமான்னு அவங்களையே கேக்கச் சொல்லுங்க. தலையாட்டுவா" என்று என் பேரைச் சொல்கிறேன்.

மறுபடியும் தட்டுகிறார். இந்தப் பதிலுக்கு அவர் முகத்தில் சிரிப்பு வருகிறது.

"தலையாட்டிப்போட்டாவாம். ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலை தங்க வைக்கினமாம். நீங்கள் சாப்பிட்டியளோ எண்டு கேக்கிறாவாம்."

எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். காலையிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"சாப்பிட்டாச்சுன்னு அடிச்சிருங்கய்யா" என்கிறேன்.