மூச்சு வாங்க வந்த திமிங்கிலம்

சுற்றுலா நடத்திப் பிழைக்கிற உங்களுக்குத் தெரியும்: கோயில் இருந்த இடத்தில் இருக்கும், ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். என் போதாத காலம், திமிங்கிலமும் காட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். காரைக்குடியிலிருந்து திருகோணமலைக்குக் கோயில் பார்க்க ஆட்களை அழைத்துப்போகிறேன். கடைசி நாள் காலையில் படகேறிக் கடலுக்குள். பழைய வீட்டை விடுதியாக்கி நடத்தும் விசாலாட்சி ஆச்சி, மூன்றாவது பயணத்தில் தானே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் அவர் விடுதிக்கு வருகிறவர்களெல்லாம் எனக்கு. பிடிக்காவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தே முதல் இரண்டு பயணங்களும் போயின.

கிட்டக்கப் போ

முதல் பயணத்தில் வந்த ஒருவர் ஒக்கூரில் உரக்கடை வைத்திருப்பவர். கையில் புதுக் கேமரா. தூரத்தில் திமிங்கிலம் நீர் பீய்ச்சி எழுந்ததும் படகைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னார். படகோட்டி ஜீவா திருகோணமலைக்காரர். தள்ளி நின்றால் அது நாலைந்து தடவை மூச்சு விட்டுவிட்டு வாலைத் தூக்கி முங்கும், நன்றாகப் பார்க்கலாம் என்றார். உரக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஜீவாவைப் பார்த்தேன். படகு போயிற்று. ஒரே மூச்சு; வால்கூடத் தெரியவில்லை. வெகுநேரம் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜீவா எஞ்சினை அணைத்துவிட்டுச் சொன்னார்: "அது மூச்சு எடுக்க மேல வருது அண்ணை, நாங்கதான் எடுக்க விடுறேல்ல."

எல்லாருக்கும் போன்

அடுத்த முறை நான் கிட்டே போகச் சொல்லவில்லை. பலனில்லை. ஒரு படகு கண்டால் மற்றப் படகுகளுக்குப் போன் போய்விடுகிறது. எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். நேராகப் போய்க்கொண்டிருந்த திமிங்கிலம் இடப்பக்கம் திரும்பியது, படகுகளும் திரும்பின. வலப்பக்கம் போனது, அங்கே முன்னாலேயே ஒரு படகு. திமிங்கிலத்தின் வேகம் கூடிக்கொண்டே போனது. என் குழுவில் கைதட்டினார்கள். எனக்கு வேறு நினைப்பு. ஆச்சி வரும் நாளில் இப்படி ஆகிவிட்டால்?

சாக்கோட்டை விவசாயி ஒருவர் மட்டும் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். "மஞ்சுவிரட்டுல மாட்டுக்குக் கொம்பாச்சும் இருக்கும் தம்பி," என்றார்.

ஆச்சி வந்த நாள்

அன்றைக்கென்று தாயும் குட்டியும். மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். தாய் உள்ளே போக, குட்டி மேலேயே கிடந்தது. அதற்கு அவ்வளவு நேரம் மூச்சடக்க வராது என்றார் ஜீவா. அதற்குள் மற்றப் படகுகள் வந்துவிட்டன. தாய் எழுந்தபோது அது ஒரு பக்கம், குட்டி ஒரு பக்கம், நடுவில் நாங்கள் எல்லாரும். குட்டி இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. தாய் மறுபடி முங்கியது.

ஆச்சி போனைப் பைக்குள் வைத்தார். "பிள்ளை பெத்தவளப் பாக்க இப்படியா இத்தனை வண்டி கட்டிக்கிட்டுப் போவாக? என்ன பாத்துக்கிட்டு இருக்கீக, திருப்பச் சொல்லுங்க."

நாங்கள் திரும்பினோம். மற்றவர்கள் திரும்பவில்லை. கரை வரும்வரை ஆச்சி பின்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வந்து சில நாள் பொறுத்துப் பார்த்து, முடியாமல் நானே போன் செய்தேன். ஆச்சி சொன்னார்: "அந்தப் பிள்ளை தாயோட சேந்துச்சான்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி. அப்பறம் நம்ம விருந்தாளுகள அனுப்புறதப் பேசுவோம்."

எதைக் கேட்டாலும் 'விசாரிச்சுச் சொல்றேன்' என்று பதில் வைத்திருக்கும் தொழில் இது. இதை யாரிடம் விசாரிப்பது என்றுதான் தெரியவில்லை.