ஜென்சியின் கணினி பேசாத காலை

ஜென்சி உட்கார்ந்து காபி குடித்து நான் பார்த்ததில்லை. இரும்புலியூரில் என் எதிர்வீட்டுக்காரி. டம்ளரும் கையுமாக ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பாள். நாற்காலி, கட்டில் எதிலும் இடித்துக்கொள்ள மாட்டாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினிதான் அவளுக்குப் படித்துச் சொல்லும். அதையும் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஓட விட்டிருப்பாள். "மெதுவா பேசினா தூக்கம் வருதுக்கா" என்பாள்.

அப்டேட் என்று ஏதாவது வந்துவிட்டால் அதைப் போடும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளாது. போன புதன்கிழமை காலை போட்டது, அவள் கணினியில் ஓடும் லினக்ஸின் புது கெர்னலை. கணினியின் உறுப்புகளை எல்லாம் ஆட்டி வைக்கும் அடிப்படை நிரல் அது. அணைத்துப் போட்டதும் சத்தம் போய்விட்டது.

என் கதவைப் படபடவென்று தட்டினாள். "அக்கா, சீக்கிரம் வாங்க. கண்ணு வேணும்."

பதினோரு மணிக்கு அவளுக்கு ஆன்லைனில் நேர்காணல். இணையதளங்கள் பார்வையற்றவர்களுக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதித்துச் சொல்லும் வேலை. எங்கெங்கோ விண்ணப்பித்து, வந்த முதல் அழைப்பு.

"இன்னிக்குப் பார்த்தா இதைப் போட்ட?"

"வந்திருக்குன்னு சொல்லுச்சு. சும்மா விட முடியல."

சவுண்ட் செட்டிங்கில் 'டம்மி அவுட்புட்' என்று இருந்ததைப் படித்தேன்.

"டம்மியாம்! சவுண்ட் கார்டு இருக்கறதே அதுக்குத் தெரியல."

பழைய கெர்னலும் உள்ளே இருக்கிறதாம். அதற்குத் திரும்பினால் சத்தம் வந்துவிடுமாம்.

"அப்போ அதுக்கே போயிடேன்."

"அது எங்கயும் ஓடாது. இதைச் சரி பண்றேன்." அவள் முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கட்டளைகளை மடமடவென்று அடித்தாள். திரையில் வந்த ஆங்கிலத்தை நான் தட்டுத்தடுமாறிப் படித்தேன். "வேகமா, அக்கா!" ஒருமுறை விரல் தவறியது, நான் வாயைத் திறப்பதற்குள் என்டரைத் தட்டிவிட்டாள். தப்பு என்றதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு பால்கனிக்குப் போனாள். கீழே ஜிஎஸ்டி ரோடு முழுக்க ஹாரன். "ஊருக்கே சத்தம் இருக்கு" என்று எரிந்து விழுந்தவள், அங்கேயே சட்டென்று நின்றாள்.

"கெர்னல் வந்துடுச்சு. கூட வரவேண்டிய, சவுண்ட் கார்டை ஓட்டற டிரைவர் பேக்கேஜ் வரல. அவ்ளோதான்!"

கெர்னலின் பதிப்பு எண்ணை நான் ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, அவள் அடித்தாள். பேக்கேஜ் இறங்கியது. மறுபடி அணைத்துப் போட்டாள். காத்திருந்தபோது மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வரலேன்னா?" என்றாள். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

திடீரென்று அந்தப் புரியாத பேச்சு பொரிந்து தள்ளியது. ஜென்சி வாய்விட்டுச் சிரித்தாள். "துப்பட்டா நேரா இருக்கா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

திரையில் முகங்கள் தோன்றின. காலையெல்லாம் படித்த பழக்கத்தில் நான் அவள் காதருகே குனிந்தேன். "மூணு பேரு இருக்காங்க. நடுவுல ஒரு அம்மா, கண்ணாடி..."

முகத்தைத் திருப்பாமல், இடது உள்ளங்கையை என் பக்கம் உயர்த்தினாள்.