கொய்யா மரத்துக் கிளிகள்

1964ஆம் ஆண்டு, தை மாதத்து ஞாயிறு காலை. பாலக்கரையில் தம் வீட்டுத் தோட்டத்தில் அமர்ந்து, தையற்காரர் ஹபீபுல்லா பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பறவை ஆர்வலர் சங்கம் ஒன்று அனுப்பிய படிவத்தின் விதி தெளிவானது: கண்ணால் கண்டவற்றை மட்டுமே எழுத வேண்டும்.

கொய்யா மரத்தில் பதினொரு கிளிகள் இருந்தன.

“அத்தா, டீ ஆறுது!”

மரத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு ஹபீபுல்லா சட்டென்று எழுந்தார். மகள் நூர்ஜஹான் தன் கூண்டுக்கிளிக்குக் கற்றுக்கொடுத்த சொற்கள் அவை. முந்தைய ஆண்டு காய்ச்சலில் அவள் மறைந்தபின், அக்குரலைக் கேட்கத் தாளாமல் அவரே கூண்டைத் திறந்துவிட்டார். மறுநாளே அதற்காக ஏங்கத் தொடங்கினார்.

மரத்தடிக்கு ஓடினார். கிளிகள் விர்ரென்று பறந்தன. பதினொன்றும் போனதை எண்ணினார். வெறும் மரத்திலிருந்து மறுபடியும் அதே குரல் வந்தது. கிளைகிளையாகத் தேடினார், ஒன்றுமில்லை. தமக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அஞ்சியபடியே, படிவத்தில் ‘11’ என்று எழுதினார்.

அடுப்படியிலிருந்து மனைவி மைமூன் டீயோடு விரைந்து வந்தாள்.

“கிளி எத்தனைங்க?”

“பதினொன்னு.”

அவள் மரத்தையே பார்த்தாள்.

“நம்ம புள்ள கூப்பிட்டுச்சே, அதையும் சேர்த்தா?”